கூரை ஏசி குளிரவில்லையா? கேஸ் போடச் சொல்வதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

போன கத்திரி வெயிலில் ஒரு கேரவன் எங்கள் பட்டறைக்கு வந்தது. பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், சமையல் மேடை, கழிவறை எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி. கூரையில் இரண்டு ஏசி. அதில் ஒன்றைக் காட்டி, "இன்னாண்ணா, மூணு வாட்டி கேஸ் போட்டாச்சு, இன்னும் குளிரவே மாட்டேங்குது" என்றார் டிரைவர்.

ஏணி போட்டு ஏறி மேல்மூடியைக் கழற்றினேன். தயாரித்த இடத்திலேயே சீல் வைத்து அனுப்பிய செம்புக் குழாயில், கேஸ் ஏற்ற யாரோ ஒரு வால்வை வைத்துத் துளைத்திருந்தார்கள். அதைச் சுற்றி எண்ணெய் கசிந்து, கரித்தூள் அப்பி, கறுப்பாக ஒரு வளையம். மூன்று தடவை போட்ட கேஸும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. வால்வை எடுத்து, குழாயை அடைத்து, எடைபோட்டு கேஸ் நிரப்பினோம். அப்படியும் குளிர் பத்தவில்லை. பிறகு உள்ளே கூரைப் பெட்டியைப் பிரித்தால், நடுவில் நிற்க வேண்டிய தடுப்புத் தகடு ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு விலகியிருக்கிறது. குளிர்ந்த காற்று அறைக்கு வராமல் அந்த இடுக்கு வழியாகத் திரும்ப ஏசிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. முதல் நாளே கொஞ்சம் அலுமினிய டேப்பில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

இந்தத் தப்பு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று யோசித்தால் காரணம் புரியும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு வீட்டு ஸ்ப்ளிட் ஏசிதான் கைப்பழக்கம். ஸ்ப்ளிட்டில் உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இணைக்கும் குழாய்களில் நட்டுப் போட்ட இணைப்புகள் உண்டு. அங்கே கேஸ் கசிவது சகஜம். அதே ஸ்ப்ளிட்டை பஸ்ஸில் மாட்டினால், ரோட்டு அதிர்ச்சியில் இன்னும் சீக்கிரம் கசியும். கூரையில் உட்காரும் ரூஃப் டாப் ஏசி அப்படி இல்லை. கம்ப்ரெசர், கண்டென்சர் (சூட்டை வெளியே தள்ளும் காயில்), உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் எல்லாம் ஒரே பெட்டியில். குழாய்கள் எல்லாம் பிரேசிங் செய்து, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டி, மூடியவை. கேஸ் அளவு பார்க்கும் வாய்கூடப் பல மாடல்களில் கிடையாது. அந்தச் சுற்றில் கேஸ் தானாகப் போவது அபூர்வம்.

அதனால் நான் பார்க்கும் வரிசை இதுதான்: முதலில் கரண்ட், அடுத்து காற்று, கடைசியில்தான் கேஸ். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையை மனதில் வைத்து எழுதியது. உங்கள் வண்டி எந்தக் குறையைச் சொல்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பத்தியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

மூடியைத் திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைப்பது போதாது. வெளியிலிருந்து வரும் கரண்ட் பிளக்கைப் பிடுங்குங்கள், ஜெனரேட்டரை நிறுத்துங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். ஒரே வண்டிக்கு மூன்று வழியில் கரண்ட் வரும். ஒன்றை மறந்தால் போதும், ஆபத்துதான். எல்லாம் அணைத்த பிறகும், மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும் கெப்பாசிட்டர் முனைகளில் தொட்டு வடித்துவிடுங்கள். மூன்று முனை இருந்தால் பொது முனையோடு மற்ற இரண்டையும் தனித்தனியாக வடிக்க வேண்டும். பிறகு மீட்டர் வைத்து சைபர்தான் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். கூரை வழுக்கும். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு ஏறுவது நல்லது. உச்சி வெயிலில் தகடு காலைச் சுட்டுவிடும்.

கையில் வேண்டியது: கிளாம்ப் உள்ள மல்டிமீட்டர், இரண்டு தெர்மாமீட்டர், டார்ச், ஊதுபத்தி, துணி டேப் அல்லாத நல்ல அலுமினிய டேப்.

"ஃபேன் ஓடுது, கம்ப்ரெசர் எடுக்க மாட்டேங்குது"

காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். தெர்மோஸ்டாட்டை இறக்கியதும் மேலே "ம்ம்ம்" என்று ஒரு உறுமல், சில வினாடியில் "டக்" என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி அதே. இது கம்ப்ரெசர் கிளம்பப் பார்த்து முடியாமல், ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் கரண்டை வெட்டிவிடும் சத்தம். இந்தச் சத்தம் வரும்போது ஏசியை ஓடவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் கம்ப்ரெசர் மோட்டாரின் காயில் சூடேறிக்கொண்டே போகும்.

பத்தில் ஆறு ஏழு வண்டிகளில் இதற்குக் காரணம் லோ வோல்டேஜ். அதுவும் வீட்டு பிளக் பாயின்டில் இருக்கும் வோல்டேஜ் அல்ல, ஏசி வரைக்கும் வந்து சேரும் வோல்டேஜ். வடசென்னையில் திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு வீட்டு ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுப்பார்கள். மே மாத ராத்திரி ஒன்பது மணிக்குத் தெரு முழுக்க ஏசி ஓடும்போது பாயின்டிலேயே 205 வோல்ட்தான் இருக்கும் என்று வையுங்கள். ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டர், நீளம் 30 மீட்டர். போக வர 60 மீட்டர் செம்பு, சுமார் ஒன்றரை ஓம் தடை. 13,500 பி.டி.யூ. (ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல்) ஏசி ஓடும்போது 7 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கு 11 வோல்ட்தான் விழும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் நாலைந்து மடங்கு, 30 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அப்போது 45 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே விழுந்துவிடும். கம்ப்ரெசருக்குக் கிடைப்பது 160. அதில் அது எப்படிக் கிளம்பும்?

அதனால் மீட்டரை ஏசியின் உள்ளே ஒயர் வந்து சேரும் முனையில் வைத்து, கம்ப்ரெசர் கிளம்பும் நேரத்தில் பாருங்கள். இந்த வேலையில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும், பழகிய எலக்ட்ரீஷியன் செய்யட்டும். பாயின்டில் வோல்டேஜ் சரியாக இருந்தும், ஓடும்போது இங்கே 207 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஒயரை மாற்றுங்கள். ஒரு ஏசிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், இரண்டுக்கு 4. ஒயரை டிரம்மில் சுற்றியபடியே விடக் கூடாது, சூடேறி உருகும். முழுக்க விரித்துப் போடுங்கள்.

வோல்டேஜ் சரி என்றால் அடுத்தது கெப்பாசிட்டர். நம் வெயிலில், கூரையில், மூடிக்குள் உட்கார்ந்திருக்கும் பொருள் அது. மேல்பக்கம் உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள். உப்பாமல் இருந்தால் மீட்டரில் மைக்ரோஃபாரட் பாருங்கள். மேலே 35 என்று எழுதியிருந்து மீட்டர் 33-க்குக் கீழே காட்டினால் அதன் காலம் முடிந்தது. அதே அளவு, 440 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள். "35 கிடைக்கலண்ணா, 45 போட்டுக்கலாம்" என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கெப்பாசிட்டரும் நன்றாக இருந்து, ஜெனரேட்டரில் மட்டும் கிளம்பவில்லை என்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்று மாட்டலாம். கிளம்பும் கரண்டைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். சின்ன ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே பயனுள்ள செலவு. இன்னொன்று, ஏசியை அணைத்தவுடனே மறுபடி போடாதீர்கள். குழாயில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். டீக்கடையில் ஜெனரேட்டரை நிறுத்தி உடனே போட்டால் வரும் உறுமல் கோளாறே அல்ல.

"எல்லாம் ஓடுது, ஆனா குளிர் பத்தலை"

இதில்தான் "கேஸ் இல்லை" என்ற தீர்ப்பு சட்டென்று வந்துவிடுகிறது. பொறுமையாக வாருங்கள்.

ஏசி காற்றை உறிஞ்சும் ஜாலியில் ஒரு தெர்மாமீட்டர், குளிர் வரும் வாயில் இன்னொன்று. கதவு ஜன்னல் மூடி, ஃபேன் வேகம் அதிகத்தில், 15 நிமிடம் ஓடவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. கடற்காற்றில் ஈரம் கனத்திருக்கும் நாளில் 8 பக்கமாகவே நிற்கும். ஏசியின் பலத்தில் ஒரு பங்கு காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே போகிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வித்தியாசம் சரியாக இருந்தும் உள்ளே புழுங்கினால் குறை வண்டியில்தான். பஸ் என்பது வெயிலில் நிற்கும் கண்ணாடிப் பெட்டி. பெரிய ஜன்னல்கள், இன்சுலேஷன் இல்லாத கூரைத் தகடு, என்ஜின் மூடியிலிருந்து வரும் சூடு, படிக்கட்டுக் கதவின் கீழ் இடுக்கு. கண்ணாடிக்குத் திரையை உள்ளே போடுவதைவிட வெளியே மறைப்புப் போடுவதில் பலன் அதிகம். வெயில் கண்ணாடிக்குள் வந்த பிறகு தடுத்து என்ன பயன்? கூரையிலும் பக்கவாட்டிலும் ஒரு அங்குல நைட்ரைல் ஃபோமாவது வேண்டும். கூரையின் இரும்பு வளைவுகள் மேலும் ஃபோம் ஓட வேண்டும். வளைவை விட்டுவிட்டு நடுவில் மட்டும் ஒட்டினால் சூடு இரும்பு வழியாக நேராக உள்ளே இறங்கிவிடும். அதை மறைத்து மேலே பிளைவுட் அடித்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. உச்சி வெயிலில் சீலிங்கைக் கையால் தடவிப் பாருங்கள், வளைவு போகும் கோடுகள் தனியாகச் சுடும்.

வித்தியாசம் 6 டிகிரிக்குக் கீழே என்றால் ஏசியைப் பார்க்கலாம். முதலில் ஃபில்ட்டர். கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள், அந்தப் பக்கம் தெரிய வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஓடும் வண்டி என்றால் வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். மற்றவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை.

அடுத்து, நான் முதலில் சொன்ன தடுப்புத் தகடு. ஏசிக்குக் கீழே, சீலிங்குக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவில், உறிஞ்சும் காற்றையும் தள்ளும் காற்றையும் பிரிக்கும் ஒரு சுவர் இருக்கும். ரோட்டு அதிர்ச்சியில் அதன் டேப் உரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். சீலிங் ஜாலியைக் கழற்றி, ஃபேனை மட்டும் அதிக வேகத்தில் ஓடவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியைத் தள்ளும் பக்கத்துச் சுவர் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். தகடு நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தில் புகை காற்றோடு கீழே அறைக்கு வந்து கலையும். இடுக்கு இருக்கும் இடத்துக்கு வந்ததும் நூல் பிடித்து இழுத்த மாதிரி வளைந்து சுவருக்குள் நுழையும். அங்கே விரலை வைத்தால் காற்று போவது தெரியும். ஈரம் துடைத்து, ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பசை நீக்கி, அலுமினிய டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். பழுப்புப் பார்சல் டேப் ஒரு மாதத்தில் உரிந்துவிடும்.

டக்ட் (குளிர்காற்றைக் கொண்டுபோகும் குழாய்) வைத்த வண்டிகளில் அதன் மூட்டுகளையும் இப்படியே பாருங்கள். சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே குளிர்காற்றைக் கொட்டிக்கொண்டிருக்கும் வண்டிகள் நிறைய.

மூன்றாவது, மேலே கண்டென்சர். வடசென்னையில் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. காசிமேடு பக்கம் இரண்டு வருஷம் ஓடாமல் நின்ற ஒரு வண்டியின் மூடியைத் திறந்தபோது, அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்பது போலத்தான் தெரிந்தது. விரலால் தொட்டேன், விபூதி மாதிரி உதிர்ந்தது. கடல் உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிட்டிருந்தது. செம்புக் குழாய் மட்டும் அம்மணமாக நின்றது. தகடு இல்லாமல் குழாய் சூட்டை எப்படித் தள்ளும்? அந்த நிலைக்கு வந்தால் காயிலை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அதற்கு முந்தைய நிலையில் இருந்தால் காப்பாற்றலாம். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் பல இடங்களில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. உப்பு போர் தண்ணீரில் காயிலைக் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறோம். மெட்ரோ தண்ணீர் இரண்டு குடம் போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை வைத்து அடிக்காதீர்கள், தகடுகள் சாய்ந்து காற்று போகும் வழி அடைபட்டுவிடும். ஏற்கெனவே சாய்ந்திருந்தால் ஃபின் சீப்பு வைத்து நிமிர்த்தலாம். கழுவும்போது ஃபேன் மோட்டாரையும் ஒயர் பெட்டியையும் பாலித்தீனால் மூடுங்கள். கரித்தூள் படியும் எண்ணூர், மணலி பக்கத்து வண்டிகளுக்கு வெறும் தண்ணீர் போதாது. காயிலுக்கென்றே விற்கும் காரம் இல்லாத கிளீனரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

கண்டென்சரின் சூட்டுக்காற்று தாராளமாக வெளியேறவும் வேண்டும். பக்கத்திலேயே சோலார் பேனலைத் தாழ்வாக மாட்டியிருந்தால், தார்ப்பாய் சுருட்டி வைத்திருந்தால், அல்லது முன் ஏசி விடும் சூட்டைப் பின் ஏசி உறிஞ்சும்படி நெருக்கமாக வைத்திருந்தால், வெயில் ஏற ஏறக் குளிர் குறையும். ராத்திரியில் நன்றாகக் குளிர்ந்து மதியம் மட்டும் தோற்கும் ஏசிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இவ்வளவும் சரி. அப்புறம்தான் கேஸ். அதற்கு அடையாளங்கள் உண்டு: கம்ப்ரெசர் இழுக்கும் ஆம்பியர், பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதைவிட நன்றாகக் குறைந்திருக்கும், கூலிங் காயிலில் கேஸ் நுழையும் ஓரம் மட்டும் பனி பிடித்து மீதி வெதுவெதுப்பாக இருக்கும், எங்காவது ஒரு மூட்டில் எண்ணெய்க் கறை இருக்கும். இவை சேர்ந்து தெரிந்தால் கேஸ் போயிருக்கிறது என்று நம்பலாம்.

அப்போதும் வெறும் "டாப் அப்" செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். போன வழியை அடைக்காமல் ஊற்றினால் மறுபடி போகும். நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை வைத்துக் கசிவைக் கண்டுபிடித்து, பிரேசிங் செய்து, வேக்கம் போட்டு (பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பெயர்ப்பலகையில் உள்ள கிராம் கணக்குக்கு எடைபோட்டு நிரப்ப வேண்டும். கேஸ் வகைகளில் ஆர்-410ஏ இரண்டு வாயுக்கள் கலந்தது. பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவதுதான் முறை. ஆர்-32, ஆர்-290 என்றால் தீப்பற்றும் தன்மை உண்டு. வண்டிக்குள் அடுப்பு, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. நைட்ரஜன் சிலிண்டர் இல்லை என்று ஆக்சிஜன் அடித்துக் கசிவு பார்க்க யாராவது கிளம்பினால் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரெசர் எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். உயிர் போகிற விஷயம்.

"ஐஸ் கட்டுது, காத்து நின்னுபோகுது"

ராத்திரி நன்றாகக் குளிர்ந்து, விடியற்காலையில் காற்று மெலிந்து நின்றுவிடும். அணைத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கொட்டும். காயில் மேல் போதுமான காற்று ஓடாததால் வரும் கோளாறு. ஃபில்ட்டர், தடுப்புத் தகடு, ப்ளோயர் சக்கரத்தில் படிந்த தூசி என்ற வரிசையில் பாருங்கள். ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்து 16 டிகிரியில் விட்டுத் தூங்குவதும் காரணம். 25-ல் வைத்து ஃபேனைக் கூட்டுங்கள். காயிலில் செருகியிருக்கும் பனி சென்சார் வெளியே வந்து தொங்குகிறதா என்றும் பாருங்கள், அதிர்ச்சியில் கழன்றுவிடும். கட்டிய ஐஸை ஸ்குரூ டிரைவரால் குத்தாதீர்கள். ஃபேனை மட்டும் ஓடவிட்டு உருகவிடுங்கள்.

"உள்ளே தண்ணி சொட்டுது"

சொட்டுவது எப்போது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஏசி ஓடும்போது மட்டும் சொட்டினால் அது காற்றிலிருந்து எடுத்த தண்ணீர். நம் ஊர் ஈரத்தில் ஒரு ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே எடுக்கும். அது தட்டில் விழுந்து, ஓரத்து ஓட்டைகள் வழியாகக் கூரைக்குப் போய் வடிய வேண்டும். ஓட்டையைத் தூசியும் பாசியும் அடைத்துவிடும். மூடியைத் திறந்து, ஒரு தம்ளர் தண்ணீரைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். உடனே வடியாவிட்டால் பிளாஸ்டிக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் இதே நடக்கும். ஓட்டை மேட்டுப் பக்கம் இருந்தால் தண்ணீர் அங்கே எப்படிப் போகும்? சக்கரத்துக்கடியில் பலகை வைத்து மட்டமாக்கிப் பாருங்கள், பாதிப் புகார்கள் அதிலேயே தீரும்.

மழையில் மட்டும் சொட்டினால் கேஸ்கட். 14 அங்குலச் சதுர ஓட்டையைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்ச் வளையம் இருக்கும்; உள்ளேயிருந்து நான்கு போல்ட் அதை இறுக்கிப் பிடிக்கும். புதிதாக ஓர் அங்குலம் இருப்பது அரை அங்குலமாக அமுங்க வேண்டும். மாட்டி ஒரு மாதம் கழித்து ஒரு முறை போல்ட்டுகளைச் சரிபார்க்க வேண்டும், குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி. வெறிகொண்டு இறுக்கினால் ஸ்பாஞ்ச் தட்டையாகி, பிறகு எந்தக் காலத்திலும் பிடிக்காது. கேஸ்கட்டைச் சுற்றி சிலிக்கான் பூசி மூடுவதை நான் செய்வதே இல்லை. ஒரு பக்கம் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கூரைத் தகட்டை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். பழுதான கேஸ்கட்டை மாற்றத்தான் வேண்டும்.

டிசம்பர் மழையில் கூரையில் தண்ணீர் தேங்கும் வண்டிகளை மேலே ஏறிப் பாருங்கள். 40 கிலோ ஏசி உட்கார்ந்த இடம் கிண்ணம் மாதிரி பள்ளமாகியிருக்கும். அந்தக் குழியில் நிற்கும் தண்ணீரை எந்தக் கேஸ்கட்டும் ரொம்ப நாள் தடுக்காது. ஏசியை இறக்கி, இரண்டு வளைவுகளுக்கு நடுவே சதுரச் சட்டம் அடித்து, கூரையை நிமிர்த்திவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும்.

இரண்டும் இல்லாமல், குளிர் வாயைச் சுற்றி முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அது வியர்வை. கதவைத் திறந்து வைத்து ஏசி போடுவதும், உறை போடாத தகர டக்ட்டும் காரணம்.

"வண்டியைத் தொட்டா ஷாக் அடிக்குது" அல்லது "ஆர்.சி.சி.பி. விழுது"

லேசாகச் சுரீர் என்றாலும் அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்குங்கள். எல்லோரையும் வண்டியை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பஸ் நிற்பது ரப்பர் டயரில். உள்ளே ஒரு ஒயர் பாடியில் பட்டால், அந்த மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் பாடி முழுக்க நிற்கும். மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர் கைப்பிடியைப் பிடித்தால் அவர் உடம்புதான் வழி. குழந்தைகள்தான் முதலில் ஓடிவந்து ஏறுவார்கள்.

வண்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) கண்டிப்பாக இருக்க வேண்டும். எர்த் ஒயர் ஏசியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து பிளக்கின் மூன்றாவது கம்பிக்கும் அறுபடாமல் போக வேண்டும். ஜெனரேட்டரில் ஓட்டும்போதும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும்படி நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை எடுத்துவிட்டு நேராக ஒயர் கொடுத்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் குடும்பம் தூங்கியிருக்கிறது. இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மழைக்கு மறுநாள் மட்டும் விழுந்தால் கம்ப்ரெசர் முனைகளிலோ ஃபேன் மோட்டாரிலோ உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். முனைகளைச் சுத்தம் செய்து காயவைத்து, எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த மோட்டாரை நம்ப வேண்டாம்.

சத்தமும் வாடையும்

கடகடவென்றால் மேல்மூடி ஸ்குரூ. ஒரே தாளத்தில் டக்டக் என்றால் ஃபேன் இறக்கை எங்கோ உரசுகிறது. வண்டியே அதிர்ந்தால் போல்ட் தளர்வு அல்லது கம்ப்ரெசர் ரப்பர். வாடை வந்தால் கூலிங் காயிலில் பூஞ்சை. காயிலைக் கழுவி, இனிமேல் ஏசியை அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள்.

24 வோல்ட் ஏசி வைத்திருப்பவர்களுக்கு

பஸ் பேட்டரியில் நேராக ஓடும் ஏசிகள் இப்போது லாரிகளில் நிறைய வருகின்றன. இதில் முக்கால்வாசிக் கோளாறு ஒயரில்தான். ஒரு கிலோவாட்டுக்கு 42 ஆம்பியர். மெல்லிய ஒயரும் அதன் நுனியில் தளர்ந்த லக்குமே (இணைப்பு முனை) போதும், ஏசி லோ வோல்டேஜ் என்று காட்டி நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையிலும் ஏசி முனையிலும் அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒயரை மாற்ற வேண்டும். என்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே இதை ஓட்டாதீர்கள், காலையில் வண்டி கிளம்பாது. 200 ஆம்பியர்-அவர் (Ah) ஈய பேட்டரித் தொகுப்பில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு கிலோவாட் இழுக்கும் ஏசிக்கு அது சுமார் இரண்டரை மணி நேரம் வரும். ராத்திரி முழுக்க வேண்டும் என்றால் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பழையதை எடுத்துவிட்டுப் புதிது வாங்கும் நேரம்

காயில் பொடியாகிவிட்டது, கம்ப்ரெசரும் போய்விட்டது என்றால் செலவழிக்காதீர்கள். புதிது பார்க்கும்போது முதலில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பெயர்ப்பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ரூஃப் டாப்கள் பல 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் பாயின்டில் சொருகினால் அன்றோடு முடிந்தது.

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. இன்சுலேஷன் நன்றாக இருக்கும் 25 அடி வண்டிக்கு 13,500 பி.டி.யூ. இரண்டு வாங்கச் சொல்வேன். ஒரே பெரிய ஏசியாக வேண்டாம். ஒன்று கெட்டால் இன்னொன்று ஓடும், ஜெனரேட்டரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பலாம், ராத்திரியில் ஒன்று போதும். நம் பக்கத்துக்குக் காயிலில் நீலப் பூச்சு இருப்பதை வாங்குங்கள். கொஞ்சம் விலை கூட. உப்புக்காற்றில் அந்த வித்தியாசம் இரண்டு மூன்று வருஷத்தில் கண்ணுக்குத் தெரியும். கெப்பாசிட்டர், ஃபேன் மோட்டார், கேஸ்கட் ஆகியவை நம் ஊரில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். கூரையில் இருக்கும் அவசர வழியை ஏசி ஓட்டையாக மாற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேற இருக்கும் வழி அது.

ஏற்றி முடித்ததும் தரையிலிருந்து ஏசி மூடியின் உச்சி வரைக்கும் டேப் பிடித்து அளங்கள். ரூஃப் டாப் ஏசி வண்டியின் உயரத்தில் ஒரு அடி வரைக்கும் கூட்டிவிடும். வியாசர்பாடி பக்கத்து ரயில்வே சுரங்கப்பாதைகளில் பழைய உயரத்தின் நினைப்பில் நுழைந்தால் மூடியும் கண்டென்சரும் அங்கேயே போய்விடும். அளந்த எண்ணை மீட்டரிலும் அடியிலும் பெரிதாக எழுதி, டிரைவர் கண்ணில் படும்படி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.